கையெழுத்து மட்டும் வாங்கினால் போதுமா? ஏற்காட்டுக் கட்டடத்துக்கு ஒயரிங் லைசென்ஸ், எர்த், டெஸ்ட் ரிப்போர்ட்

மிளகுக்கொடி

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஏற்காட்டில் நாலு அறை உள்ள தங்குமிடம். மூன்று பேஸ் இணைப்பு வாங்கணும். நாலு குளியலறைக்கும் 3 கிலோவாட் கீசர். ஒயரிங் பாதி முடிஞ்சிருக்கு. வேலை செய்யறவர் கை சுத்தமானவர், ஆனா லைசென்ஸ் கிடையாது. "கடைசியில கீழ சேலத்துல ஒரு லைசென்ஸ்காரர்கிட்ட ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்து வாங்கிக்கலாம், அதுக்குத் தனியாக் குடுத்திருங்க" என்கிறார். எர்த் பைப்புக்குத் தோண்டினால் நாலடியில் பாறை தட்டுது. அப்படிக் கையெழுத்து வாங்கறது சரியா? எந்த லைசென்ஸ்காரரைத் தேடணும்? பாறையில எர்த்துக்கு என்ன பண்றது?

அஸ்தம்பட்டி கான்ட்ராக்டர்

முதல் கேள்விக்குப் பதில்: சரியில்லைங்க. சட்டம் கேட்பது கையெழுத்தை இல்லை, வேலையை. 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாக இருந்தது, 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 29ஆம் பிரிவாக வந்தது. 2023இல் அந்த ஒழுங்குமுறைகளைப் புதுசாக எழுதினபோதும் சாரம் மாறவில்லை. மூன்று பேர் வேண்டும்: மாநில அரசின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் வேலையை எடுக்கணும், தகுதிச் சான்று உள்ள சூப்பர்வைசர் நேரடியாக மேற்பார்வை பார்க்கணும், கம்பியில் கை வைக்கிறவரிடம் அதற்கான சான்று இருக்கணும். "நேரடி மேற்பார்வை" என்ற சொல்லைக் கவனிங்க. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மலையில் நடக்கிற வேலையை மேற்பார்வை பார்த்ததாக எழுதவே முடியாது.

தமிழ்நாட்டில் இவற்றைக் கொடுப்பது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். நாம் பேச்சில் "சி லைசென்ஸ்" என்பது சூப்பர்வைசர் தகுதிச் சான்று, "பி லைசென்ஸ்" என்பது மின்கம்பியாள் சான்று, "எச்" என்பது மின்கம்பியாள் உதவியாளர் சான்று. இது மூன்றும் ஆளுக்கு. கான்ட்ராக்டர் உரிமம் நிறுவனத்துக்கு. அதில் ஈ.ஏ., ஈ.எஸ்.ஏ., ஈ.பி., ஈ.எஸ்.பி. என்று வகைகள் உண்டு. உங்க வேலை குறைந்த அழுத்த வேலை, அதனால் பெரிய வகை உரிமக்காரரைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் உரிமம் இன்றைக்கு நடப்பில் இருக்கா என்று பார்க்கணும். சான்று, உரிமம் இரண்டுக்குமே புதுப்பிப்பு உண்டு. நகலை வாங்கி முதலில் காலாவதித் தேதியைப் பாருங்க, பிறகு போட்டோவும் வந்த ஆளும் ஒன்றுதானா என்று பாருங்க.

செவ்வாய்ப்பேட்டை கம்பியாள்

> வேலை செய்யறவர் கை சுத்தமானவர், ஆனா லைசென்ஸ் கிடையாது

அவரை விரட்ட வேண்டாமுங்க. பொதுவா இந்தத் தொழில்ல இருக்கிற நிறையப் பேர் கொத்தனார் வேலை மாதிரி அண்ணன் தம்பிகிட்டப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க. அவங்களுக்குன்னே ஒரு வழி இருக்கு, பலருக்குத் தெரியறதில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துற மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயசு முடிஞ்சிருக்கணும், மேல் வயசு வரம்பு இல்லை. ஒயரிங்ல 5 வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேணும். அறிவிப்பு வந்தா பேப்பர்ல மாவட்டச் செய்தியா ஒரு சின்னப் பெட்டியில வரும். கண்ணுல படாமப் போயிரும். சேலம் அரசு ஐ.டி.ஐ.யில கேட்டு வைக்கறது நல்லது.

எழுத்துத் தேர்வைவிடச் செய்முறையிலதான் ஆள் தடுமாறுவாங்க. மாடிப்படி விளக்கு, ரெண்டு பக்கச் சுவிட்ச், இதெல்லாம் தினம் போடறதுதானேன்னு அலட்சியமாப் போவாங்க. ஆனா அங்க படத்தைப் பார்த்துப் போடணும், பேஸ் சுவிட்ச்ல வெட்டுதான்னு காட்டணும், மெக்கர் (கம்பித் தோலோட இன்சுலேஷனை அளக்கற கருவி) பிடிக்கத் தெரியணும். மெக்கரைத் தொட்டே பார்க்காம இருபது வருஷம் வேலை செஞ்சவங்க இருக்காங்க.

தறிப்பட்டறை இளம்பிள்ளை

அதைத்தான் நானும் சொல்றேன். இருபது வருஷம் தறி மோட்டாருக்கு லைன் இழுத்தவன் இருக்கான், ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வந்த பையனுக்கு ஸ்டார்ட்டர்ல ஓவர்லோடு ரிலே எங்க இருக்குன்னு தெரியாது. காகிதம் யாரைக் காப்பாத்தப் போகுது? லைசென்ஸ் கேட்டா வேலைக் கூலி ஏறுது, அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி கான்ட்ராக்டர்

அண்ணே, அனுபவம் பெரிசுதான், மறுக்கலை. ஆனால் தறிக்கூடத்தையே எடுத்துக்குங்க. நிலையாகப் பொருத்தின மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேணும் என்பது விதி. பல கூடங்களில் ஒரே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி முதல் மோட்டாரில் தொடங்கி எட்டாவது மோட்டார் வரை கண்ணி கண்ணியாகப் போகும். மூன்றாவது மோட்டாரைப் பழுது பார்க்கக் கழற்றினால் மீதி ஐந்துக்கும் எர்த் போச்சு. மோட்டார் ஓடும், துணி நெய்யும், யாருக்கும் தெரியாது. ஈரக்காலோடு நிற்கிறவர் கையில்தான் தெரியும். அனுபவம் வேலை ஓடுதா என்று பார்க்கக் கற்றுத் தருகிறது. பழுது வந்தால் கரண்ட் எந்த வழியாகப் போகும் என்று பார்ப்பது தனிப் பாடம், அதைத்தான் சான்று கேட்கிறது.

விபத்து நடந்தால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161படி மின் ஆய்வாளர் விசாரணை வரும். முதலில் கேட்பது டெஸ்ட் ரிப்போர்ட்டை. அதில் யார் கையெழுத்தோ அவர்தான் பதில் சொல்லணும். பார்க்காத வேலைக்குக் கையெழுத்துக் கொடுத்தவர் தன் லைசென்ஸை மட்டுமில்லை, அந்த வீட்டுக்காரரின் பாதுகாப்பையும் சேர்த்து விற்கிறார்.

கோரிமேடு மாணவன்

ஒரு சந்தேகம் சார். வீட்டில் பல்பு மாற்றக்கூட லைசென்ஸ் வேணுமா? இன்னொன்று, இ.பி.யில் இருக்கும் ஒயர்மேன் போட்டுக் கொடுத்தால் செல்லுமா?

சூரமங்கலம் சூப்பர்வைசர்

பல்புக்கு வேண்டாம் தம்பி. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மிகாத வீட்டுச் சாமான், இவற்றைக் கொள்ளளவும் தன்மையும் மாறாமல் மாற்றுவதற்கு விலக்கு இருக்கு. பழுதான 6 ஆம்பியர் சுவிட்சை எடுத்துவிட்டு அதே 6 ஆம்பியர் போடலாம். அந்த இடத்தில் 16 ஆம்பியர் பிளக் போட்டால் அது கொள்ளளவை மாற்றுவது, விலக்கு பொருந்தாது. வீடுகளில் கம்பி எரிவது பல நேரம் இந்த மாற்றத்தால்தான். உள்ளே 1 ஸ்கொயர் (சதுர மி.மீ. குறுக்களவு) கம்பி, வெளியே 16 ஆம்பியர் பிளக், அதில் இஸ்திரிப்பெட்டியோ ஹீட்டரோ. முன்னால் இருக்கிற எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் பிரேக்கர்) அடிக்கடி விழுதென்று அதையும் பெரிசாக்கிவிடுவார்கள். அப்புறம் கம்பிதான் ஃபியூஸ்.

இரண்டாவது: இ.பி.யில் "ஒயர்மேன்" என்பது பதவிப் பெயர். உரிமம் வழங்கும் வாரியம் தருகிற மின்கம்பியாள் சான்று வேறு. போஸ்ட்டில் ஏறுகிறவர் என்பதற்காக மட்டும் வீட்டு ஒயரிங் ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்துப் போட முடியாது.

பாறையும் எர்த்தும்

மிளகுக்கொடி, எர்த் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. மேலே கொஞ்சம் மண், கீழே கல். கணக்குப் போட்டே காட்டிடறேன்.

40 மி.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. பைப். மண்ணின் தடை 100 ஓம்-மீட்டர் என்றால், எர்த்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சூத்திரப்படி எர்த் சுமார் 35 ஓம். பாறை நிலத்தில் அது 1000 என்றால் சுமார் 351 ஓம். இப்போ கீசரில் பேஸ் உடலைத் தொட்டால் என்ன நடக்கும்? 230 வோல்ட்டை 351ஆல் வகுத்தால் 0.65 ஆம்பியர். சின்னதான 10 ஆம்பியர் சி வகை எம்.சி.பி.யே உடனே விழுவதற்கு 100 ஆம்பியர் வரை வேணும். எம்.சி.பி. அசையவே அசையாது. கீசர் உடலில், குழாயில், ஷவரில் 230 வோல்ட் நின்னுக்கிட்டே இருக்கும். நல்ல மண்ணில் 35 ஓம் வந்தாலும் கதை அதேதான், 6.5 ஆம்பியர்தான் ஓடும். "எர்த் போட்டிருக்கேன், எம்.சி.பி. இருக்கு, பயமில்லை" என்பது மலையில் மட்டுமில்லை, கீழே சேலத்திலும் தவறு.

காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும். தொடு மின்னழுத்தம் (உலோக உடலைத் தொடுகிறவர் மேல் வரும் வோல்ட்) 50 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்க எர்த் 1667 ஓம் வரை இருந்தாலும் அது வேலை செய்யும். உங்க 351 ஓம் எர்த்தோடும் விழும். அதற்காக எர்த்தை விட்டுடலாம் என்று நினைக்க வேண்டாம். எர்த் இல்லாவிட்டால் கசிவு ஓட வழி கிடையாது, முதல் வழியே குளிக்கிற ஆளாகத்தான் இருப்பார்.

பாறையில் என்ன செய்யலாம்: குழியை ஆழப்படுத்திக் கஷ்டப்பட வேண்டாம். காப்பித் தோட்டத்து மேல்மண் ஈரமும் மக்கும் உள்ளது, அதைப் பயன்படுத்துங்க. அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் ஒரு நீளக் கால்வாய் வெட்டி ஜி.ஐ. பட்டையைக் கிடையாகப் புதைங்க. 15 மீட்டருக்குக் குறையக் கூடாது, 30 மீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைப் பட்டைக்கு மண் தடையின் இரண்டு மடங்கை நீளத்தால் வகுத்தால் தோராயக் கணக்கு வரும். அதே 1000 என்று வைத்தாலும் 30 மீட்டருக்கு 67 ஓம். 351 எங்கே, 67 எங்கே! சரிவுக்குக் குறுக்காக வெட்டுங்க, சரிவோடு வெட்டினால் மழைத் தண்ணி கால்வாய் வழியாகவே மண்ணை அரிச்சுக் கொண்டு போயிடும். உப்பும் கரியும் கொட்டாதீங்க. ஏற்காட்டு மழையில் உப்பு கரைஞ்சு போகும், போறதுக்குள்ள ஜி.ஐ.யைத் தின்னுடும். பெண்டோனைட் களிமண் போடுங்க.

மிளகுக்கொடி

ரொம்ப நன்றிங்க. ஒயரிங் செய்யறவர்கிட்ட ஆர்.சி.சி.பி. பத்திக் கேட்டேன். "மலையில அது நிக்காது சார், பனிக்கு அடிக்கடி விழும், கஸ்டமர் திட்டுவாங்க, வேண்டாம்" என்கிறார். எர்த் சரியா வரலேன்னா டி.பி.ங்கற பிரிப்புப் பெட்டிக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு கம்பியால சேர்த்துடலாம், டெஸ்ட் லேம்ப் பளிச்சுன்னு எரியும்னும் சொல்றார்.

பாறையும் எர்த்தும்

அந்தக் கம்பியைப் போட மட்டும் விடவே விடாதீங்க! டெஸ்ட் லேம்ப் எரியும்தான், நியூட்ரல் வழியா எரியும், எர்த் வழியா இல்லை. மலைக்காற்றில் மரக்கிளை விழுந்து போஸ்ட்டிலிருந்து வர்ற நியூட்ரல் அறுந்தால், வீட்டு லோடு வழியா வர்ற பேஸ் அந்தச் சேர்ப்புக் கம்பியில் ஏறி, எர்த் செய்த எல்லா உலோகத்துக்கும் போயிடும். கீசர், பிரிட்ஜ், தண்ணி மோட்டார், இரும்புக் கதவு வரைக்கும். எர்த் எதற்குப் போட்டோமோ அதுவே ஆளைக் கொல்லும். ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு அப்படிச் சேர்த்தால் அது ஒன்று நிற்காது, அல்லது விழ வேண்டிய நேரத்தில் விழாது.

சூரமங்கலம் சூப்பர்வைசர்

ஆர்.சி.சி.பி. "நிக்காது" என்றால் பல இடத்தில் பனி காரணமில்லை, நியூட்ரல் கலப்பு. உள்ளே போன பேஸ் கரண்டும் திரும்பி வர்ற நியூட்ரல் கரண்டும் சமமா என்றுதான் அது பார்க்கிறது. முதல் அறை ஆர்.சி.சி.பி.யின் பேஸை எடுத்து, இரண்டாம் அறையின் நியூட்ரலில் விட்டால் இரண்டுமே விழும். மாடிப்படி விளக்கில் இது அடிக்கடி நடக்கும்: கீழ்த்தளத்து பேஸ், மேல்தளத்து நியூட்ரல். இன்னொரு இடம் இன்வெர்ட்டர். அதன் அவுட் நியூட்ரலை வீட்டுப் பொது நியூட்ரல் லிங்க்கில் கட்டிவிடுவார்கள்.

கண்டுபிடிக்கிற முறை:

மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு சர்க்யூட் நியூட்ரலாகக் கழற்றுங்க. கழற்றினதற்கும் மற்ற நியூட்ரல்களுக்கும் நடுவே தொடர்ச்சி பாருங்க. எல்லாச் சாமானையும் பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் தொடர்ச்சி காட்டினால் கலப்பு இருக்கு. அடுத்து ஒவ்வொரு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மெக்கர் வையுங்க. பெட்டியில் ஆணி அடிக்கும்போது நியூட்ரல் தோல் உரிஞ்சு ஜி.ஐ. பெட்டியைத் தொட்டிருந்தால் அதில் தெரிஞ்சுடும். பேஸ் தொட்டிருந்தால் பெட்டியில் ஷாக் அடித்தாவது தெரியும், நியூட்ரல் தொட்டது ஆர்.சி.சி.பி. வைக்கிற வரைக்கும் தெரியாது. அதனால்தான் பழியை அதன் மேல் போடறாங்க.

உங்க லோடுக்குப் பிரிவு: 4 கீசர், 3 கிலோவாட் வீதம் 12 கிலோவாட். ஒரே பேஸில் போட்டால் 52 ஆம்பியர். மூன்று பேஸில் 2, 1, 1 என்று பிரிங்க. இரண்டு கீசர் விழுகிற பேஸில் 26 ஆம்பியர், அதில் மோட்டாரைச் சேர்க்காதீங்க. ஒவ்வொரு கீசருக்கும் டி.பி.யிலிருந்து தனி 4 ஸ்கொயர் காப்பர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும். இடையில் ஜாயின்ட் வேண்டாம். 20 ஆம்பியர் இரட்டைத் துருவச் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. கீசர்களுக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., விளக்குகளுக்கு வேறொன்று. ஒரு கீசர் காயில் ஈரம் கோத்து விழுந்தால் வீடே இருட்டாகக் கூடாது, இருட்டினால்தான் ஆள் அதை பைபாஸ் செய்வான். ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு பாதுகாப்பு கிடையாது. அதற்கு முன்னால் அதன் ஆம்பியருக்குள் எம்.சி.பி. இருக்கணும்.

தறிப்பட்டறை இளம்பிள்ளை

மோட்டார் எர்த் பத்திச் சொன்னது சரிதான், ஒத்துக்கறேன். கண்ணி போட்டதுதான் எங்க பக்கம் எல்லாக் கூடத்துலயும் இருக்கு. எட்டு மோட்டாருக்கு எட்டு வயர் எர்த் குழி வரைக்கும் இழுக்கணுமா?

அஸ்தம்பட்டி கான்ட்ராக்டர்

வேண்டாமுங்க அண்ணே. கூடத்தைச் சுத்தி ஜி.ஐ. பட்டையை வளையமாக ஓட்டுங்க, இரண்டு முனையும் இரண்டு வேறு எர்த் குழிக்குப் போகட்டும். ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் இரண்டு 8 கேஜ் கம்பி, மோட்டார் உடலில் இரண்டு வேறு போல்ட்டில் தொடங்கி, பட்டையில் இரண்டு இடத்தில் முடியணும். ஒரே போல்ட்டில் இரண்டையும் கட்டினால் அது ஒரு இணைப்புதான். பட்டை ஓட்டைக்குள் பஞ்சு அடையாமல் இருக்க இணைப்பைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே வைங்க. குழிகளுக்கு நடுவே பைப் நீளத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி, அதாவது 5 மீட்டர்.

செவ்வாய்ப்பேட்டை கம்பியாள்

மிளகுக்கொடிக்கு ஒரு வார்த்தை. நீங்க கேட்காத இடம் ஒண்ணு இருக்கு. மிளகு பறிக்கிற மாசத்துல அலுமினிய ஏணி, இரும்புத் தொரட்டி எல்லாம் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் நகரும். குறைந்த அழுத்தக் கம்பிக்குக் கீழ கட்டடக் கூரை இருந்தா செங்குத்தா 2.5 மீட்டர், பக்கவாட்டுல 1.2 மீட்டர் இடைவெளி வேணும். 11 ஆயிரம் வோல்ட் லைன்னா செங்குத்தா 3.7 மீட்டர். கட்டடத்துக்கு இந்தக் கணக்கு. ஆறு மீட்டர் ஏணியைத் தூக்கிக்கிட்டு நடக்கற ஆளுக்கு எந்தக் கணக்கும் உதவாது. லைன் போற வரிசையில மூங்கில் ஏணி மட்டும்னு வச்சிருங்க, அதுவும் காஞ்ச மூங்கில். ஈர மூங்கில் கரண்ட் விடும். லைனைத் தொடுற கிளையை நீங்களே வெட்டாதீங்க, பிரிவு அலுவலகத்துல எழுதிக் குடுங்க. அவங்க லைன் கிளியர் (லைனில் கரண்டை நிறுத்தின அனுமதி) வாங்கித்தான் வெட்டுவாங்க.

மிளகுக்கொடி

சரிங்க. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரையே பேசிக்கறேன். இப்ப வேலை செய்யறவரை அவர்கிட்டச் சேர்த்துக்கச் சொல்றேன். உதவியாளர் தேர்வுக்கும் எழுதச் சொல்லிட்டேன். கான்ட்ராக்டர் வந்ததும் ரிப்போர்ட்ல என்னென்ன இருக்கான்னு நான் பார்க்கணும்?

சூரமங்கலம் சூப்பர்வைசர்

நல்ல முடிவு. ஏற்கெனவே பாதி முடிஞ்ச வேலையை ஏத்துக்கிற கான்ட்ராக்டர் முதல் நாளே பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்வார். பூசி மூடிய ஜாயின்ட் இருந்தால் உடைக்கச் சொல்வார். அவர் கேட்டால் சண்டை போடாதீங்க, கேட்காதவரைத்தான் சந்தேகப்படணும்.

இன்சுலேஷன்: 500 வோல்ட் மெக்கர், ஒரு நிமிஷம், கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது ஒயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வரணும். 2 அல்லது 3தான் வருதென்றால் எங்கேயோ ஈரமோ உரிஞ்ச கம்பியோ இருக்கு. சோதனைக்கு முன் எல்.ஈ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், இடி தாங்கி (கூரைக் கம்பி இல்லை, டி.பி.யில் மாட்டுகிற சர்ஜ் பாதுகாப்புக் கருவி) எல்லாம் கழற்றியிருக்கணும். இடி தாங்கியைக் கழற்றாமல் வைத்தால் அளவு தாழ்ந்து காட்டும், அந்தக் கருவியும் கெடும். ஏற்காட்டில் மூடுபனி உள்ள காலையில் எடுத்த அளவும் வெயில் மதியத்தில் எடுத்த அளவும் மாறும். தேதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்க.

எர்த்: மூன்று முனை எர்த் டெஸ்டரில் எடுத்தது. பல்பு எரிய வைத்துக் காட்டினால் அது அளவில்லை. சாதாரண பைப்புக்குக் கரண்ட் ஆணி (டெஸ்டரின் கரண்ட் போகிற கடைசி ஆணி) 30 மீட்டர் தள்ளி, வோல்ட் அளக்கிற நடு ஆணி அதில் 62 சதவீதம், அதாவது 18, 19 மீட்டரில். நடு ஆணியை மூன்று மீட்டர் முன்னும் பின்னும் மாற்றி மூன்று அளவு எடுக்கணும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இல்லையென்றால் கரண்ட் ஆணி கிட்ட இருக்குன்னு அர்த்தம். நீங்க 30 மீட்டர் பட்டை போட்டால் ஆணி இன்னும் ரொம்பத் தள்ளிப் போகணும், தோட்டம் இருக்கிறதால இடத்துக்குக் குறையில்லை.

ஆர்.சி.சி.பி.: அதிலிருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டினால் போதாது. பட்டன் உள்ளே இருக்கிற ஒரு தடை வழியாகக் கசிவை உண்டாக்குது. எர்த் அறுந்திருந்தாலும் விழும். டெஸ்டர் கருவியைக் கீசர் பிளக்கில் மாட்டி 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள்ளும், 150இல் 40 மில்லி செகண்டுக்குள்ளும் விழுதா என்று பார்க்கணும். நாலு குளியலறையிலும் தனித்தனியாக, நாலு எண்ணும் ரிப்போர்ட்டில் வரணும்.

மிளகுக்கொடி

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பக்கத்துல பழைய காவலாளி வீடு இருக்கு, மரச்சட்டத்துல கிளிப் அடிச்ச பழைய ஒயரிங். அதையும் இதே டி.பி.யிலேருந்து எடுக்கலாமா?

சூரமங்கலம் சூப்பர்வைசர்

இப்போதைக்கு எடுக்காதீங்க. முதலில் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. அந்த வகை ஒயரிங்கில் எர்த் கம்பியே இருக்காது, தோலும் கை வைத்தால் உதிரும். ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு பிளக் அளவுக்கு 1.5 ஸ்கொயரில் பைப் போட்டுப் புதுசாக இழுத்துவிடுவது அரை நாள் வேலை. எர்த்தோடு தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, அதையும் அதே ரிப்போர்ட்டில் ஐந்தாவது வரியாகச் சேர்க்கச் சொல்லுங்க.